ஐ.டி. வேலைக்குப் போக விரும்பும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவிக் குழு, பிளஸ் டூ முடித்த மாணவ மாணவியருக்கும் பெற்றோருக்கும் நடத்திய வழிகாட்டி நிகழ்ச்சியில், சென்னையில் மென்பொருள் பொறியாளராகப் பணிபுரியும் நமதூர்ச் சகோதரர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். நிகழ்ச்சிக்கு வர இயலாதவர்களும் பயன்பெற வேண்டும் என்பதற்காக இங்கே வெளியிடுகிறோம்.)

 

சென்ற மாதம் நமதூரிலிருந்து ஒரு தாய் எனக்குப் போன் செய்தார். "தம்பி, பையன் பிளஸ் டூ முடிச்சிருக்கான். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்தான் படிப்பேன்னு நிக்கிறான். மேனேஜ்மென்ட் கோட்டாவுல சீட்டு இருக்காம். மூத்த மகளுக்குன்னு வச்சிருந்த நகையை அடகு வச்சா பணம் புரட்டிடலாம். அப்படிச் சேர்த்துவிட்டா வேலை நிச்சயம்தானே?" என்று கேட்டார்.

இந்தத் துறையில் இருபது வருடம் இருந்தும், "ஆமாம்" என்றோ "இல்லை" என்றோ ஒரு வார்த்தையில் அவருக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இன்று இங்கே நான் பேசப் போவதெல்லாம் அந்தத் தாய்க்கான பதில்தான். உங்களில் பலருக்கும் அதே கேள்வி மனதில் இருக்கும் என்று நினைக்கிறேன்.

என்ன வேலை இது?

என் வாப்பா தையல்காரர். பஜாரில் ஒரு சிறிய கடை, இரண்டு மெஷின். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் பெருநாளுக்கு ஊர் வந்தபோது வாப்பா கேட்டார்கள்: "ஏசி ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டரைப் பாத்துக்கிட்டே இருக்கியாமே, அப்படி என்னதான்டா வேலை பாக்குறே?"

நான் இப்படிச் சொன்னேன். "வாப்பா, சட்டை தைக்க ஒருத்தர் வந்தா முதல்ல என்ன செய்வீங்க? அளவு எடுப்பீங்க. எதுக்குச் சட்டை, ஆபீசுக்கா, கல்யாணத்துக்கா, முழுக்கையா, அரைக்கையான்னு கேப்பீங்க. வளர்ற பையனா இருந்தா உள்ளே கொஞ்சம் துணி விட்டு மடிப்பீங்க. அதுக்கப்புறம்தான் கத்தரியை எடுப்பீங்க. தச்சதும் போட்டுப் பாக்கச் சொல்வீங்க. அக்குள்ல பிடிச்சா பிரிச்சுத் தைப்பீங்க. ஒரு வருஷம் கழிச்சு அவர் குண்டாகி வந்தாலும் நீங்கதான் ஆல்ட்ரேஷன் பண்ணிக் குடுப்பீங்க. இதேதான் எங்க வேலையும்."

வாப்பா சிரித்துவிட்டு, "அப்போ நீயும் டெய்லர்தான்னு சொல்லு" என்றார்கள்.

இன்றைக்கும் இந்த வேலையை விளக்க எனக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. ஒரு வங்கியோ, மருத்துவமனையோ, கப்பல் நிறுவனமோ எங்களிடம் வரும். அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதுகிறோம். இது அளவு எடுப்பது. அதற்கேற்ப நிரல் எழுதுகிறோம். இது வெட்டித் தைப்பது. எழுதியது சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கிறோம். இது போட்டுப் பார்ப்பது. அதன் பிறகு வருடக்கணக்கில் பழுது பார்க்கிறோம், மாற்றித் தருகிறோம். இந்த ஆல்ட்ரேஷன் வேலைதான் ஐ.டி. துறையில் மிக அதிகம். புதிதாக எழுதுவதைவிட, முன்பு வேறு யாரோ எழுதி வைத்ததைப் படித்துப் புரிந்துகொள்வதில்தான் எங்கள் நாள் பெரும்பாலும் கழிகிறது.

ஒரு சிறிய கணக்கு

மாணவர்களுக்காக ஒரு உதாரணம் சொல்கிறேன். நீங்கள் போனில் உங்கள் நண்பருக்கு 500 ரூபாய் அனுப்புகிறீர்கள். உங்கள் கணக்கில் 500 குறைய வேண்டும், அவர் கணக்கில் 500 கூட வேண்டும். இரண்டே வரி வேலைதான். உங்கள் கணக்கில் குறைந்த அடுத்த நொடியில், அவர் கணக்கில் ஏறுவதற்குள் கணினி நின்றுவிட்டால் அந்தப் பணம் எங்கே போகும்?

இதை யோசிப்பவர்தான் பொறியாளர். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். முடியாவிட்டால் இரண்டுமே நடக்காதது போலப் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். இதற்கு டிரான்ஸாக்‌ஷன் என்று பெயர்.

இன்னொன்று. நெல்லை எக்ஸ்பிரஸில் ஒரே ஒரு பெர்த் காலியாக இருக்கிறது. சென்னையில் ஒருவரும் திருநெல்வேலியில் ஒருவரும் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்துகிறார்கள். இருவருக்கும் டிக்கெட் கொடுத்துவிட்டால் ரயிலில் சண்டை வரும். ஒருவருக்கு மட்டும் கொடுத்து, மற்றவருக்கு "இடமில்லை" என்று சொல்ல வேண்டும். யாருக்கும் கொடுக்காமல் அந்த இடம் காலியாகப் போய்விடவும் கூடாது. எல்லாம் சரியாக நடக்கும்போது வேலை செய்யும் நிரலை எவரும் எழுதிவிடலாம். தவறாக நடக்கும்போது என்ன ஆகும் என்று முன்கூட்டியே யோசிப்பதற்குத்தான் சம்பளம்.

உங்கள் வீட்டில் ஒரு பொருள் கெட்டுப்போனால் "ஏன் கெட்டது?" என்று கேட்கும் பிள்ளை இருக்கிறதா? ஒரு கணக்குக்கு விடை வந்த பிறகும் "இது சரிதானா?" என்று திரும்பப் போட்டுப் பார்க்கும் பிள்ளை இருக்கிறதா? அந்தப் பிள்ளைக்கு இந்த வேலை பிடிக்கும். நாள் முழுவதும் போனில் கேம் விளையாடுவதை வைத்து, "இவனுக்குக் கம்ப்யூட்டரில் நல்ல ஆர்வம்" என்று பெற்றோர் முடிவு செய்துவிடாதீர்கள்.

ஒரே துறை, பல வேலைகள்

ஐ.டி. என்றால் எல்லோரும் நிரல் எழுதுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். எழுதியதில் குறை கண்டுபிடிப்பதையே வேலையாகக் கொண்ட டெஸ்டர் இருக்கிறார். தகவல் கிடங்கைக் காக்கும் டேட்டாபேஸ் நிர்வாகி இருக்கிறார். கணினிகளையும் அவற்றை இணைக்கும் நெட்வொர்க்கையும் பார்த்துக்கொள்பவர் இருக்கிறார். திருட்டுத்தனமாக நுழைபவர்களைத் தடுக்கும் பாதுகாப்புப் பொறியாளர் இருக்கிறார். திரையில் பட்டன் எங்கே இருந்தால் மக்களுக்கு எளிது என்று வடிவமைப்பவர் இருக்கிறார். வாடிக்கையாளரிடம் பேசி, அவர் தேவையை எழுதிக் கொண்டு வரும் பிசினஸ் அனலிஸ்ட் இருக்கிறார். ஏதாவது நின்றுபோனால் நள்ளிரவிலும் எழுந்து சரிசெய்யும் சப்போர்ட் பொறியாளர் இருக்கிறார்.

எங்கள் நாள் காலையில் ஒரு சிறிய மீட்டிங்கில் தொடங்கும். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய், எங்கே சிக்கிக்கொண்டிருக்கிறாய் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். "எனக்குப் புரியவில்லை" என்று அங்கே சொல்லத் தெரிந்த புதியவர்தான் சீக்கிரம் முன்னேறுகிறார். நான் எழுதியதை இன்னொருவர் படித்துக் குறை சொல்வார். அவர் எழுதியதை நான் படித்துக் குறை சொல்வேன். அதில் கோபப்பட முடியாது. மின்னஞ்சல், தொலைபேசி, குறிப்பு எழுதுவது என்று பாதி நாள் மொழியோடுதான் போராட்டம். கம்ப்யூட்டரோடு இருந்தால் மனிதர்களிடம் பேச வேண்டியதில்லை என்று நினைத்து இங்கே வருபவர்கள் ஏமாந்துபோவார்கள்.

நான் செய்த தவறு

இதை நான் மேடையில் சொல்வது இதுதான் முதல் தடவை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலில் ஒரே ஒருவருடைய முகவரியை மாற்ற வேண்டும். இரவு பதினொரு மணி. "இந்த எண்ணுள்ள வாடிக்கையாளருக்கு மட்டும்" என்ற நிபந்தனையை எழுத மறந்து, கட்டளையைக் கொடுத்துவிட்டேன். திரையில் பார்த்தால் 11,000 பேருக்கும் மேல் முகவரி மாறிவிட்டது. எல்லோரும் ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள்!

கை நடுங்கியது. அறையில் யாரும் இல்லை. அந்தக் கணினிக்குள் நுழைய நாங்கள் ஆறு பேரும் ஒரே பெயரைத்தான் பயன்படுத்தினோம். சும்மா வீட்டுக்குப் போயிருந்தால், யார் செய்தது என்று கண்டுபிடிப்பது கடினம். அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பிறகு டீம் லீடருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. "உடனே சொன்னது நல்லது. இனி எதையும் தொடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு அலுவலகம் வந்தார். முந்தைய இரவு எடுத்த பேக்கப்பிலிருந்து, விடிகாலை நான்கு மணிக்குள் எல்லாவற்றையும் மீட்டோம். காலையில் வாடிக்கையாளர்கள் வேலையைத் தொடங்கும்போது எல்லாம் சரியாக இருந்தது. இரண்டு மணி நேரம் தாமதமாகச் சொல்லியிருந்தால் அந்தத் தவறான முகவரிகளோடு காலைச் சரக்கு கிளம்பியிருக்கும்.

எனக்குத் தண்டனை இல்லாமல் போகவில்லை. அந்த வருட இன்கிரிமென்ட் குறைந்தது. சில வாரங்கள் முக்கியமான கணினிகளைத் தொட அனுமதி கிடைக்கவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அந்த டீம் லீடர் என் வார்த்தையைச் சந்தேகப்பட்டதே இல்லை.

பெரிய நிறுவனங்களிலும் இது நடக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று, உலகெங்கும் பொறியாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்து வைக்கும் கிட்லேப் என்ற நிறுவனத்தில், இரவு வெகுநேரம் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பொறியாளர், தவறான கணினியில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜி.பி. தகவலில் மிகச் சிறிய பகுதியே மிஞ்சியது. அவர்கள் வைத்திருந்த காப்பு ஏற்பாடுகளும் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறொரு காரணத்துக்காக எடுத்து வைத்த ஒரு பிரதி இருந்ததால் தப்பித்தார்கள். இடைப்பட்ட ஆறு மணி நேரத் தகவல் போனது போனதுதான். அந்த நிறுவனம் எதையும் மறைக்கவில்லை. நடந்ததை எல்லோரும் பார்க்கும்படி எழுதி வெளியிட்டது. அதைப் படித்த எத்தனையோ பேர் தங்கள் பேக்கப்பைச் சரிபார்த்துக்கொண்டார்கள்.

பிள்ளைகளே, நிரல் எழுதும் மொழி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாறும். தவறை ஒப்புக்கொள்ளும் பழக்கம் இந்த வேலையில் கடைசி வரை தேவைப்படும்.

எந்த வழியில் வரலாம்?

இப்போது பெற்றோர் எதிர்பார்க்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

பொறியியல் படிப்புக்குத் தமிழ்நாட்டில் அரசின் கவுன்சிலிங் இருக்கிறது. நுழைவுத் தேர்வு கிடையாது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று மொத்தம் 200-க்கு கட்-ஆப் கணக்கிடுகிறார்கள். தனியார் கல்லூரிகளும் தங்கள் இடங்களில் ஒரு பெரும் பகுதியை இந்தக் கவுன்சிலிங்குக்குத் தர வேண்டும். ஆகவே ஒரு கல்லூரியில் பணம் கேட்டதும் அடகுக் கடைக்கு ஓடாதீர்கள். அதே கல்லூரியில், அதே வகுப்பில், அரசு நிர்ணயித்த கட்டணத்தில் உங்கள் பிள்ளைக்கு இடம் கிடைக்கலாம்.

பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத தனி உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு தாலுகா ஆபீசில் வரிசையில் நிற்பதைவிட, இப்போதே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் பெறவில்லை என்றால், முதல் பட்டதாரிச் சான்றிதழையும் சேர்த்து வாங்குங்கள். கவுன்சிலிங் மூலம் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்திருக்கிறது. அவர்களுக்குக் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொள்கிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

கட்-ஆப் குறைவு என்றால் கதவு மூடிவிட்டது என்று எண்ண வேண்டாம். நானே பத்தாம் வகுப்பு முடித்துப் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்தவன்தான். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. கணினி அறிவியல், பி.சி.ஏ. படித்துவிட்டு எம்.சி.ஏ. செய்யலாம். எங்கள் குழுவில் பி.எஸ்ஸி. கணிதம் படித்தவரும் இருக்கிறார். சென்னை ஐ.ஐ.டி. ஆன்லைன் வழியில் டேட்டா சயின்ஸ் பட்டப் படிப்பு ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. அதற்கு ஜே.இ.இ. எழுத வேண்டியதில்லை. நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிப்பவர்கள் உண்டு.

படிப்போடு சேர்த்து என்ன செய்ய வேண்டும்?

கல்லூரியில் சேர்ந்துவிட்டால் போதும் என்று நான்கு வருடம் இருந்துவிடாதீர்கள். நேர்முகத் தேர்வில் நான் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். எட்டு மொழி தெரியும் என்று எழுதியிருப்பார்கள். ஒன்றிலும் பத்து வரி சொந்தமாக எழுத வராது.

ஒரே ஒரு மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். பைத்தானோ ஜாவாவோ, எதுவானாலும் சரி. அதை ஆழமாகக் கற்றுக்கொள்ளுங்கள். தகவல் கிடங்கிலிருந்து கேட்டு வாங்கும் எஸ்.க்யூ.எல். படியுங்கள். லினக்ஸ் பழகுங்கள். செய்ததைப் பதிவு செய்து வைக்கும் கிட் பழகுங்கள். இவை எல்லாவற்றுக்கும் இணையத்தில் இலவசப் பாடம் இருக்கிறது. ஐ.ஐ.டி. பேராசிரியர்களே எடுத்த பாடங்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் கிடைக்கின்றன.

பிறகு, நிஜமான ஒருவருக்கு நிஜமாகப் பயன்படும் ஒரு சிறிய பொருளைச் செய்யுங்கள். வாப்பாவின் கடைக் கடன் நோட்டை எடுங்கள். யார் எவ்வளவு பாக்கி, எப்போது கொடுத்தார்கள் என்று காட்டும் ஒரு நிரல் எழுதுங்கள். "பாதிப் பணம் கொடுத்தால் எப்படி எழுதுவது? ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால்?" என்று வாப்பா கேட்பார். அப்போதுதான் உங்களுக்கு இந்த வேலை புரியத் தொடங்கும்.

அல்காரிதம் என்ற சொல்லைக் கணினிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒரு வேலையைப் படிப்படியாகச் செய்யும் முறை என்று பொருள். சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி என்ற அறிஞரின் பெயர்தான் லத்தீன் மொழிக்குப் போய் அந்தச் சொல்லானது. அல்ஜீப்ரா என்ற சொல்லும் அவருடைய நூலின் தலைப்பிலிருந்து வந்ததே. இந்தப் பெருமையை நாம் மேடைதோறும் பேசுகிறோம். அந்த நூலில் பெரும் பகுதி எதைப் பற்றியது என்று பேசுவதில்லை. வாரிசுகளுக்குச் சொத்தைப் பங்கு பிரிப்பது, வியாபாரக் கணக்கு, நிலம் அளப்பது ஆகியவை பற்றியது. பக்கத்து வீட்டாரின் கணக்கைத் தீர்க்கத்தான் அவர் உட்கார்ந்தார். நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி

"மகளை இந்த வேலைக்கு அனுப்பலாமா?" என்று தாய்மார்கள் தனியாகக் கேட்கிறீர்கள். எங்கள் குழுவில் சரிபாதிக்குச் சற்றுக் குறைவாகப் பெண்கள் இருக்கிறார்கள். இரவுப் பணி எல்லா வேலையிலும் கிடையாது. இருக்கும் இடங்களில், பெண்களை வீட்டு வாசல் வரை வண்டியில் கொண்டுவந்து விடுவது பெரிய நிறுவனங்களில் வழக்கம். வீட்டிலிருந்தே செய்யும் வேலையும் ஓரளவு உண்டு. வேலைக்குச் சேரும் முன்பே இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எனக்கு வருத்தம் தருவது வேறு. நன்றாகப் படித்த பெண் பிள்ளைக்குக் கணினி வாங்க மாட்டோம், படிக்காத பையனுக்குச் சீட்டு வாங்க அவளுடைய நகையை அடகு வைப்போம். இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கஷ்டங்களையும் சொல்ல வேண்டும்

நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் உங்களை ஏமாற்றியவன் ஆவேன்.

இந்த வேலை அரசு வேலை போல நிலையானது அல்ல. 2008-ல் அமெரிக்காவில் வங்கிகள் விழுந்தபோது, சென்னையில் என்னோடு வேலை செய்தவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். எங்கோ ஒரு நாட்டில் நடப்பது இங்கே நம் சமையலறை வரை வரும். கையில் ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பு இல்லாமல் வீட்டுக் கடன், கார் கடன் என்று இறங்கியவர்கள் மிகவும் சிரமப்பட்டார்கள். கண், முதுகு, கழுத்து வலி வராதவர் குறைவு. படிப்பு முடிந்தது என்று புத்தகத்தை மூடவும் முடியாது. நாற்பது வயதைத் தாண்டிய நானும் இப்போது புதிதாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி வேலை இருக்குமா என்று கேட்கிறீர்கள். அது நிரல் எழுதுகிறது, உண்மைதான். நானும் தினமும் பயன்படுத்துகிறேன். புதியவர்களுக்கு நாங்கள் கொடுத்துவந்த எளிய வேலைகள் பலவற்றை இப்போது அது செய்துவிடுகிறது. அதனால் அரைகுறையாகப் படித்தவருக்கு இனி கடினம். ஆனால், பார்த்தால் சரியாகவே இருக்கும் தவறையும் அது எழுதித் தரும். அதைக் கண்டுபிடிக்க அடிப்படை தெரிந்த ஒருவர் வேண்டும். வாடிக்கையாளரிடம் அளவு எடுக்கவும், தவறு நடந்தால் "நான் பொறுப்பு" என்று சொல்லவும் ஒரு மனிதர் வேண்டும்.

இந்த மூன்றிலும் விழ வேண்டாம்

முதலாவது, பணம் கட்டினால் வேலை என்பவர்கள். ஒழுங்கான எந்த நிறுவனமும் வேலை கொடுக்கப் பணம் கேட்காது. டெபாசிட் என்றாலும் டிரெய்னிங் கட்டணம் என்றாலும் விலகிவிடுங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

இரண்டாவது, போலி அனுபவச் சான்றிதழ். எனக்குத் தெரிந்த ஒரு பையன். வாப்பா வளைகுடாவில் வெயிலில் நின்று சம்பாதித்து அனுப்பிய பணத்தில் இரண்டு லட்சம் கொடுத்து, மூன்று வருட அனுபவம் இருப்பதாகச் சான்றிதழ் வாங்கினான். வாங்கும் முன் என்னிடம் வந்து கேட்டான். "அது சரியில்லப்பா" என்று பட்டும் படாமல் சொன்னேன். உறவு கெட்டுவிடுமோ என்று உறுதியாகத் தடுக்கவில்லை. வேலையும் கிடைத்தது. ஐந்தாவது மாதம் நிறுவனம் பின்னணி விசாரணை செய்தது. மூன்று வருடம் வேலை செய்தவனுக்குப் பி.எப். கணக்கில் ஒரு ரூபாய் கூட ஏறவில்லை. அன்று மாலையே வெளியே அனுப்பிவிட்டார்கள். அடுத்த நிறுவனங்கள் கேட்கும்போது என்ன பதில் சொல்வது? அதன் பிறகு அவன் மிகக் குறைந்த சம்பளத்தில், பயிற்சியாளராக, அடியிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அன்று அவன் முகத்துக்கு நேராகச் சொல்லாததை இன்று இந்த மைக் முன்னால் உரக்கச் சொல்கிறேன். அந்தப் பணமும் போகும், பெயரும் போகும். செய்யாதீர்கள்.

மூன்றாவது, வெளிநாட்டு ஐ.டி. வேலை. 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன இந்திய இளைஞர்களை, எல்லை தாண்டி மியான்மருக்குக் கடத்திச் சென்று, இணைய மோசடி செய்ய வைத்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை வெளியிட்டது. நம் வீடுகளில் வெளிநாட்டுப் பயணம் புதிதல்ல. அதனாலேயே துணிந்து கிளம்பிவிடுகிறோம். ஏஜென்ட் அரசிடம் பதிவு செய்தவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். டூரிஸ்ட் விசாவில் வேலை என்றால் போகவே வேண்டாம்.

அந்தத் தாய்க்கான பதில்

போன் செய்த அந்தத் தாயிடம், "மகனிடம் போனைக் கொடுங்கள்" என்றேன். "ஏம்ப்பா கம்ப்யூட்டர் படிக்கணும்?" என்று கேட்டேன். "பிரெண்ட்ஸ் எல்லாரும் அதுதான் சேர்றாங்க காக்கா" என்றான். "உனக்கு எது பிடிக்கும்?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தெருவில் இன்வெர்ட்டர் ரிப்பேர் செய்பவரோடு லீவு நாளில் போவதாகவும், வயரிங் எல்லாம் தெரியும் என்றும் சொன்னான். சொல்லும்போது குரலே மாறிவிட்டது.

தாயிடம் சொன்னேன்: "நகையை அடகு வைக்காதீங்க. கவுன்சிலிங்குக்கு முதல்ல பதிவு பண்ணுங்க. அவன் கட்-ஆப்புக்கு எலக்ட்ரிக்கல் கிடைச்சா எடுங்க. படிக்கும்போதே நிரலும் எழுதக் கத்துக்கிட்டும். ரெண்டும் தெரிஞ்சவனுக்கு மதிப்பு இருக்கு. வேலை நிச்சயமான்னு கேட்டா, அது சீட்டுல இல்ல. அவன் பழக்கத்துல இருக்கு." அவருக்கு முழுத் திருப்தி இல்லை. யோசிப்பதாகச் சொல்லி வைத்தார். அவர்கள் இருவரும் இப்போது இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நகை வீட்டில்தான் இருக்கும் என்றும் நம்புகிறேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் நான் பக்கத்து அறையில் மக்ரிப் வரை இருப்பேன். மதிப்பெண் பட்டியலைக் கொண்டு வாருங்கள். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று சேர்ந்து பார்க்கலாம். கட்டணத்துக்கு வழியில்லாதவர்கள் கல்வி உதவிக் குழுவின் படிவத்தை இன்றே வாங்கிக்கொள்ளுங்கள். பெற்றோர் பேசட்டும் என்று பிள்ளைகள் ஒதுங்கி நிற்காமல், உங்கள் கேள்வியை நீங்களே கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்பதுதான் இந்த வேலையின் முதல் பாடம்.